கூரைக்கு எத்தனை அங்குலம்?

(ஜமுனாமரத்தூரில் வீடு கட்டுவோர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



காலையில் போளூரில் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலை ஏற ஏற ஒரு வேலை செய்துகொண்டே வந்தேன். கூரைகளை எண்ணினேன். தளம் போட்ட வீடு, தகர ஷீட் வீடு, சிமெண்ட் ஷீட் வீடு, ஓட்டு வீடு, இவற்றையெல்லாம் எண்ணிக் கணக்குத் தவறிப் போயிற்று. புல் வேய்ந்த வீடு மட்டும் தவறவில்லை. ஏழு. ரோட்டோரம் கண்ணில் பட்டது ஏழே ஏழு.

முப்பது வருடத்துக்கு முன் இதே வழியில் வந்தபோது எண்ண வேண்டுமென்றே தோன்றவில்லை. அன்றைக்குப் புல் கூரைதான் வீடு.

இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்தக் கூரையைப் பற்றித்தான். தலைக்கு மேலே வெயிலையும் பனியையும் தடுக்க எதைப் போடுவது, எவ்வளவு கனம் போடுவது? ஒரு அங்குலமா, இரண்டா, ஒரு சாணா, ஒரு முழமா? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கம்பி எத்தனை எம்.எம். என்று கேட்கிறோம். சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கேட்கிறோம். பெயிண்ட் என்ன கலர் என்று குடும்பமே உட்கார்ந்து சண்டை போடுகிறோம். வெயிலுக்கு எத்தனை அங்குலம் என்று யாராவது கேட்டதுண்டா?

பாலிடெக்னிக்கில் நெடுங்காலம் சிவில் பாடம் நடத்தினவன் நான். என் வீட்டைக் கட்டும்போது நானே கேட்கவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பழைய வீட்டுக்குள் போவோம். மூங்கில் படல் பின்னி மண் பூசிய சுவர். மேலே மூங்கில் வரிச்சு. அதன்மேல் அடுக்கடுக்காகப் புல். நடுவே மூங்கில் பரண். பரணில் சாமையும் கேழ்வரகும். கீழே அடுப்புப் புகை எழுந்து பரணைத் தாண்டி, புல்லுக்குள் புகுந்து, மெல்லக் கசிந்து வெளியே போகும். புகை பட்ட தானியத்தில் வண்டு விழாது. புகை பட்ட மூங்கிலைச் சீக்கிரம் பூச்சி அரிக்காது. மேற்கத்திய நாடுகளில் சரிவுக் கூரைக்கும் உள் மச்சுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தில் பஞ்சு பஞ்சாகக் கண்ணாடி இழையைக் கொட்டி வைக்கிறார்கள். இங்கே அதே இடத்தில் சாமையைக் கொட்டி வைத்திருந்தார்கள். வேலை ஒன்றுதான். இரண்டும் தமக்குள் காற்றைப் பிடித்து வைக்கின்றன. ஒன்றைச் சமைத்துச் சாப்பிடலாம், இன்னொன்றைச் சாப்பிட முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆமாம், விஷயம் காற்றுதான். அசையாமல் நிற்கிற காற்றைப் போல வெப்பத்தை மறிக்கிற மலிவான பொருள் வேறு கிடையாது. கம்பளி உங்களுக்குச் சூடு தருகிறதா? கம்பளியிடம் ஏது சூடு? அது உங்கள் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பிடிப்பது மயிர் அல்ல, மயிருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்று. புல் கூரையும் அப்படி. வைக்கோல் போரும் அப்படி. கடையில் விற்கிற தெர்மாகோலும் அப்படித்தான். அதில் பெரும்பங்கு காற்று.

சரி, பழைய புல் கூரை எவ்வளவு கனம்? நன்றாக வேய்ந்தால் ஒரு சாண். இந்த ஒரு சாண் புல்லுக்குச் சமமாகத் தெர்மாகோல் வேண்டுமென்றால் எவ்வளவு வாங்க வேண்டும்? நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏறக்குறைய நாலு அங்குலம்! கடைக்காரரிடம் நாலு அங்குலம் என்று கேட்டால் ஐஸ் கம்பெனி வைக்கப் போகிறீர்களா என்பார். நம் தாத்தா அதைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வெயிலைக் கணக்குப் பார்த்து ஒரு சாண் போடவில்லை. மழைக்காகப் போட்டார். கனம் குறைந்தால் ஒழுகும். வெயிலை மறித்தது அதோடு சேர்ந்து வந்த லாபம். அந்தக் கூரையை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் பட்டணத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அதற்கடியில் படுத்தவர்கள் இல்லை. சில வருடத்துக்கு ஒரு தடவை புல் மாற்ற வேண்டும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு தீப்பொறி போதும், ஒரு தெருவே போய்விடும். அதனால்தான் அரசாங்கங்கள் மாறினாலும் குடிசை மாற்றும் திட்டம் மாறவில்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011இல் 300 சதுர அடியில் பசுமை வீடு வந்தது. 2024இல் 360 சதுர அடியில் கனவு இல்லம் வந்தது. தீப்பிடிக்காத தளம் கிடைத்தது. நல்ல காரியம். புல் கூரைக்குத் திரும்புங்கள் என்று சொல்ல நான் மலை ஏறி வரவில்லை.

ஆனால் தளம் வந்தபோது என்ன போயிற்று என்று பார்க்க வேண்டாமா?

நாலு அங்குல கான்கிரீட் தளம். கனமாக இருக்கிறது, பலமாக இருக்கிறது, இடி விழுந்தாலும் நிற்கும் போல இருக்கிறது. வெயிலைத் தடுக்குமா? புல்லோடு ஒப்பிட்டால் கான்கிரீட் இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தை உள்ளே கடத்துகிறது. 300 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை மதியத்தில் வெயில் நேராக இறங்குகிறது. தளத்தின் மேற்பக்கம் வீட்டுக்குள் இருப்பதைவிட இருபது டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது உள்ளே இறங்குகிற வெப்பம் சுமார் 2000 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றித் தலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டுக் கீழே பாய் விரித்துப் படுப்பது போல. நடுவில் ஒரு மின்விசிறி. அந்த இஸ்திரிப் பெட்டிக் காற்றை எடுத்து நம் முகத்தில் வீசிக்கொண்டே இருக்கிறது.

பொழுது சாய்ந்தால் விடுகிறதா? விடாது. பகலில் குடித்த வெயிலைத் தளம் ராத்திரிதான் கக்குகிறது. பத்து மணிக்குச் சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கும், மேலே தளம் அனலாக இருக்கும். வாசலில் பாய் போட்டுப் படுக்கிறோம். வீடு கட்டி, கடன் கட்டி, வாசலில் படுக்கிறோம்!

தகர ஷீட்டின் கதை வேறு. அது வெப்பத்தைச் சேர்த்து வைப்பதே இல்லை. வெயில் வந்த நிமிடம் கொதிக்கும், வெயில் போன நிமிடம் குளிரும். இந்த மலையில் தை, மார்கழி விடியற்காலையில் ஒரு கூத்து நடக்கும். தகர வீட்டில் இருக்கிற தாய்மார்களுக்குத் தெரியும். வெளியே மழையே இருக்காது. வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். ஆனால் கூரை சொட்டும்! போர்வை மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஷீட்டில் ஓட்டையா என்று ஏறிப் பார்ப்பார்கள். ஓட்டை இருக்காது. எங்கிருந்து வந்தது தண்ணீர்?

உங்கள் மூச்சிலிருந்து வந்தது. அடுப்பில் கொதித்த உலையிலிருந்து வந்தது. ஷீட் குளிர்ந்துவிட்டது. ஈரக்காற்று அதில் பட்டு வேர்த்துவிட்டது. சில்லென்ற சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்கிறதே, அதுதான்.

ஷீட் ஏன் அவ்வளவு குளிர்கிறது? அதற்குப் பதில் சொல்ல உங்களைக் காவலூருக்கு அழைத்துப் போக வேண்டும். தூரம் இல்லை, நம் மலையேதான். கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். 1960களின் கடைசியில் வைணு பாப்பு என்கிற பெரிய வானியல் அறிஞர் இங்கே தொலைநோக்கி நிறுத்தினார். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையம் உண்டு என்று உலகத்தில் ஒரு சில இடங்களில் கண்டார்கள், அதில் காவலூரும் ஒன்று. 1986இல் 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி இங்கே வந்து திறந்து வைத்தார், பாப்புவின் பெயரையே வைத்தார்கள். பாப்பு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் இங்கே வந்தது எதற்கு? வானம் தெளிவாக இருப்பதற்கு. ஊர் வெளிச்சம் எட்டாமல் இருப்பதற்கு. அந்தத் தெளிந்த வானம் விண்மீனை மட்டும் காட்டவில்லை. ராத்திரியெல்லாம் உங்கள் கூரையின் சூட்டையும் உறிஞ்சி எடுக்கிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும், சூடு தங்கும். மேகம் இல்லாத ராத்திரியில் கூரையிலிருந்து வெப்பம் நேரே வானத்துக்குப் போய்விடுகிறது. சுற்றியிருக்கிற காற்றைவிடத் தகரம் அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. பாப்பு தேடி வந்த வானம்தான் உங்கள் போர்வையை நனைக்கிறது.

தொலைநோக்கி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே கவலை உண்டு. கூடத்துக்குள்ளே பகல் சூடு தங்கிவிட்டால், ராத்திரி கதவைத் திறந்ததும் அந்தச் சூடான காற்று அலையலையாக எழும். தார் ரோட்டில் கானல் நடுங்குவது போல விண்மீன் நடுங்கும். அதனால்தான் உலகம் முழுக்கத் தொலைநோக்கிக் கூடங்களின் கூரையை வெள்ளையாகவோ பளபளப்பாகவோ வைக்கிறார்கள். சூட்டை உள்ளே விட்டுவிட்டு விரட்டுவதைவிட உள்ளே விடாமலிருப்பது சுலபம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். எத்தனை அங்குலம்?

ஒரு பழைய வியாபாரக் கதை சொல்கிறேன். சென்னையில் மெரினாவுக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ், கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேர்த்து வைத்த கிடங்கு. அமெரிக்காவில் போஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, கப்பலில் ஏற்றி, பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுவந்து விற்றவர் ஃபிரெடரிக் டியூடர். 1833இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல். 180 டன் ஏற்றினார். நாலு மாதம் கடலில் வந்து சேர்ந்தபோது 100 டன் அளவுக்கு மிஞ்சியிருந்தது. எதை வைத்துக் காப்பாற்றினார்? மரத்தூளும் வைக்கோலும் மாதிரியான சரக்குதான். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கப்பலில் இடம் ஒரே அளவு. மரத்தூளைக் கொஞ்சமாகப் போட்டால் ஐஸ் உருகும். நிறையப் போட்டால் ஐஸுக்கு இடமிருக்காது. மரத்தூளைக் கல்கத்தாவில் யார் வாங்குவார்கள்? எவ்வளவு போட்டால் போதும் என்று கண்டுபிடித்தவர்தான் பணக்காரர் ஆனார்.

நம் தளத்துக்கு அந்தக் கணக்கைப் போடுவோம். தெர்மாகோல் பலகையையே எடுத்துக்கொள்கிறேன். வெறும் தளத்தில் நூறு பங்கு வெப்பம் இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு அங்குலம் போட்டால் அது இருபத்தெட்டாகிவிடும். கேட்கிறீர்களா? ஒரே அங்குலத்தில் எழுபத்திரண்டு பங்கு நின்றுபோயிற்று! இன்னொரு அங்குலம் போட்டால் பதினாறு. மூன்றாவது அங்குலத்தில் பதினொன்று. நாலாவது அங்குலத்தில் ஒன்பது. முதல் அங்குலம் எழுபத்திரண்டைத் தடுத்தது. நாலாவது அங்குலம் தடுத்தது இரண்டே இரண்டு. ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரே விலைதான் வாங்குவார். முதல் குடம் தண்ணீருக்கும் நாலாவது குடத்துக்கும் தாகத்தில் என்ன வித்தியாசமோ, அதுதான் இங்கேயும்.

மத்திய அரசு 2018இல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று குடியிருப்புகளுக்கு ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. பெரிய மனைகளுக்கு, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு எழுதியது. கனவு இல்லத்துக்கு அது பொருந்தாது. ஆனால் அளவுகோல் யார் வீட்டு அளவுகோலாக இருந்தால் என்ன? கூரை வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது அது. வெறும் தளத்தில் மூன்றரைக்கு மேல் போகிறது. அதை 1.2க்குக் கொண்டுவர எவ்வளவு வேண்டும்? முக்கால் அங்குலம் சொச்சம். கையால் பிடித்தால் சப்பாத்திக் கட்டையைவிட மெல்லிசு.

அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் மச்சில் ஓர் அடிக்கு மேல் நிரப்பச் சொல்கிறார்கள். அவர்கள் என்ன பைத்தியமா? இல்லை. வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். நாற்பது டிகிரி வித்தியாசம், இரவும் பகலும், மாதக்கணக்கில். கதவைச் சாத்திக்கொண்டு காசு கொடுத்துச் சூடு வாங்குகிறவன் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்குப் பார்ப்பான். நமக்கு ஹீட்டர் உண்டா? ஜமுனாமரத்தூரில் ஏ.சி. எத்தனை வீட்டில்? ஜன்னலைத் திறந்து வைத்து வாழ்கிறவர்கள் நாம். நம்முடைய எதிரி குளிர்காற்றுமல்ல, வெப்பக்காற்றுமல்ல. தலைக்கு மேலே நேராக அடிக்கிற வெயில். அந்த வெயிலை முதலில் வெள்ளையால் திருப்பி அனுப்பு, மிச்சத்துக்கு அங்குலம் பார். இந்த வரிசைதான் நான் சொல்ல வந்தது.

வெள்ளை என்றால் என்ன? கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, வஜ்ஜிரமோ ஃபெவிகாலோ கலந்து, பங்குனியில் தளத்தின்மேல் இரண்டு கோட்டு அடியுங்கள். கொதிக்கிற தளத்தின் கூடுதல் சூடு பாதிக்குக் கீழே இறங்கிவிடும். ஆயிரங்கள் ஆகாது, ஒரு நாள் வேலை. ஐப்பசி மழையில் கொஞ்சம் போகும், பாசி ஏறும், மறு வருடம் அடிக்க வேண்டும். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது, உரிந்துவிடும். அதற்கு வெள்ளை பெயிண்ட்தான், கீழே பிரைமர் போட்டு. தெலங்கானா மாநிலம் 2023இல் இதற்கென்றே கூரைக் குளிர்ச்சிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் பாட்டிமார் பொங்கலுக்குச் சுவருக்கு அடித்ததைக் கொஞ்சம் மேலே ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளை அடித்த பிறகு மிச்சத்துக்கு எங்கே போடுவது? இங்கேதான் என் சொந்த வீட்டுக் கதை.

தளம் போட்டு மூன்று வருடம் வெந்து நொந்து, ஒரு மேஸ்திரியின் பேச்சைக் கேட்டேன். உள்ளே, மச்சுக்கு அடியில், தெர்மாகோல் ஒட்டினோம். பூப்போட்ட காகிதம் வேறு. மதியம் கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. ஆனால் மேலே தளம் முன்பு போலவே வெயிலைக் குடித்தது, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே புழுக்கம். ஆறு மாதத்தில் தெர்மாகோலுக்கும் தளத்துக்கும் நடுவில் எலி குடித்தனம் நடத்தியது. வெள்ளை வெள்ளை உருண்டையாகச் சோற்றுத் தட்டில் விழும். என் மனைவி ஒரு நாள் குழம்புக் கரண்டியில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்து, “வாத்தியாரே, இதுதான் உங்கள் பாடமா?” என்று கேட்டாள். பதில் இல்லை. சிவில் படித்தவன் நான்!

குடையைச் சட்டைக்கு உள்ளேயா பிடிப்பார்கள்? வெளியேதானே? தளத்துக்கும் அப்படியே. தடுப்பு மேலே இருக்க வேண்டும். தளம் நிழலில் இருக்க வேண்டும். தளம் போட்டு, நீர் கசியாமல் பூசி, அதன்மேல் ஒரு அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் அடர்த்தியான பலகை, அதன்மேல் சுண்ணாம்பு செங்கல் ஜல்லி, அதன்மேல் தட்டோடு. வாட்டம் பார்த்துத் தண்ணீர் வடிய வேண்டும். பலகை வாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? மண்கலயத்தைக் கவிழ்த்து அடுக்கி இடுக்கில் ஜல்லி நிரப்புவது நாட்டில் பல இடங்களில் உள்ள பழக்கம். கலயத்துக்குள் இருப்பது என்ன? நம் பழைய சிநேகிதன், காற்று. லாரி பேக்கர் என்கிற கட்டடக் கலைஞர் கேரளத்தில் தளத்தின் அடிப்பாகத்தில் உடைந்த ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டையே மிச்சம் பிடித்தார். ஒன்றுமே முடியாவிட்டால் மாடியில் நாலு கம்பு நட்டுக் கீற்றுப் பந்தல். கோடை முடிந்ததும் பிரித்துவிடலாம். ஆனால் அடுப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

தகர வீட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்களுக்கு உள்பக்கம்தான் வழி. ஷீட்டுக்குக் கீழே ஒரு கையகலம் இடைவெளி விட்டு, மூங்கில் பாயோ பலகையோ அடித்து, முகட்டில் இரண்டு பக்கமும் காற்று போகத் துளை விடுங்கள். பகல் சூடு மேலேயே போகும். விடியலில் உங்கள் மூச்சு நேராகத் தகரத்தைத் தொடாது, சொட்டுவது குறையும். துளைக்குக் கொசுவலை அடியுங்கள், எலிக்கு இடம் கொடுக்காதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்! விறகடுப்பு எரிகிற வீட்டில் தெர்மாகோலைத் திறந்தபடி ஒட்டவே ஒட்டாதீர்கள். பற்றினால் அதன் புகை ஆளைக் கொல்லும். கண்ணாடிப் பஞ்சு வாங்கினால் நனையாமல் பாருங்கள், அமுக்கித் திணிக்காதீர்கள். அமுக்கினால் காற்று போய்விடும், காற்று போனால் கொடுத்த காசும் போயிற்று.

புதூர்நாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் காலையில் என்னிடம் கேட்டார்: “சார், அதிகம் போட்டால் கெடுதலா?” கெடுதல் இல்லை ஐயா. ஆனால் மூன்றாவது அங்குலத்துக்கு வைத்திருக்கிற பணத்தில் மேற்குப் பக்க ஜன்னலுக்கு ஒரு நிழல்தட்டு போடலாம். நாலாவது அங்குலத்தின் பணத்தில் வாசலில் ஒரு பலாக் கன்று வைத்து வேலி கட்டலாம். பத்து வருடத்தில் அது சுவருக்கு நிழல் கொடுக்கும், பழமும் கொடுக்கும். தெர்மாகோல் பழுக்காது.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒன்று பாக்கி. வந்ததும் வராததுமாக வெளியே முற்றத்தில் இரண்டு தகரத் துண்டைச் செங்கல் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஒன்று அப்படியே, ஒன்றுக்கு வெள்ளை பெயிண்ட். மூன்று மணி நேரமாக வெயிலில் கிடக்கிறது. டீ குடிக்கப் போகிற வழியில் எல்லோரும் வந்து பாருங்கள். வெள்ளைத் துண்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், வைக்கலாம். மற்றதில் குழந்தைகளைக் கை வைக்க விடாதீர்கள்.